வியாதி இல்லாத ஊர்

"உங்க பொண்ணு இடத்துல உட்காரவே மாட்டேங்கிறா சார்," என்றார் வகுப்பு டீச்சர்.

வங்கிக் காசாளர் வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் மகள் வாலு, மேசைக்கு அடியில் தவழ்ந்தபடியே வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தப்பில்லாமல்.

சாயங்காலமே டாக்டரிடம் போனார்கள். அவர் வாலுவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"துறுதுறுப்பு நோய். தினம் ஒரு மாத்திரை. இந்த ஊர்ல பாதிப் பிள்ளைங்க சாப்பிடுதுங்க."

மாத்திரை வேலை செய்தது. வாலு உட்கார்ந்தாள். அப்புறம் உட்கார்ந்தே இருந்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை. ஜன்னலையே வெறித்தாள்.

"எனக்கு என் பழைய வாலு வேணுங்க," என்று மனைவி அழுதாள்.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஊருக்கு ஓடினார்கள். அந்த ஊர் டாக்டர் மாத்திரையைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"இந்தக் கரையில நாங்க பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கிறதில்ல. பெத்தவங்களுக்குத்தான். தினம் காலையில ஒரு மணி நேரம் நீங்க ஆடாம அசையாம உட்காரணும்."

காசாளர் உட்கார்ந்தார். மாத்திரை நின்றதும் பழையபடி ஆகிவிட்ட வாலு, அவர் தோளில் ஏறி நின்று சர்க்கஸ் பழகினாள். அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. வங்கிக்குத் தினமும் தாமதம்.

மனைவியின் தம்பி போனில் சிரித்தான். "அத்தான், பேசாம எங்க மலைக்கு வந்துடுங்க. இங்க ஒரு பிள்ளைக்குக்கூட அந்த வியாதி கிடையாது!"

வரவிருந்த பதவி உயர்வை உதறிவிட்டு, காசாளர் மாற்றல் கேட்டார்.

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றார் மேனேஜர்.

"எனக்கு இல்ல சார். அங்க போனா என் பொண்ணுக்கும் ஒண்ணும் இல்லையாம்."

மலையூர் டாக்டரின் அறையில் வாலு எடை பார்க்கும் மிஷின்மேல் குதித்தாள். ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கி நாற்காலிக்கு நெஞ்சுத் துடிப்பு பார்த்தாள். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வியாதியா? இவளுக்கா? ஓடியாடுற வயசு சார்! இந்த ஊர்ல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது."

காசாளருக்குக் கண் கலங்கிவிட்டது. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர், கழுத்து வலிக்கு ஏதாவது வாங்கலாமென்று பக்கத்து மருந்துக் கடையில் நின்றார். சந்தோஷம் தாங்கவில்லை. கடைக்காரரிடமும் கொட்டிவிட்டார்.

"உங்க ஊர் காத்தே தனிங்க! துறுதுறுப்பு நோய் இங்க யாருக்குமே இல்லையாமே!"

கடைக்காரர் வலி மாத்திரையைக் கத்தரித்து நீட்டினார்.

"அதுக்கு மாத்திரையே ஸ்டாக் இல்லாதப்ப வியாதி மட்டும் எப்படி சார் இருக்கும்? திங்கக்கிழமை லோடு வருது, அதுக்கப்புறம் டாக்டரை இன்னொரு தடவை பாருங்க."