அக்கா போட்ட அதட்டல்

மனித குலம் மாத்திரை விழுங்க மறந்து தவித்தபோது, அதன் வாயைத் திறக்கவைத்த பெருமை எங்கள் நிறுவனத்தையே சேரும். மாத்திரை நேரத்தை நினைவூட்டும் எங்கள் உடல்நலச் செயலிக்கு நான் 'தொடர் பயன்பாட்டுப் பிரிவு'த் துணைத் தலைவன். தலைவர் பதவி காலி. ஆகவே அறிக்கைகளை எனக்கு நானே பணிவுடன் அனுப்பிக்கொள்கிறேன்.

பயனாளர்கள் முதல் வாரம் செயலியைத் தட்டினார்கள். அடுத்த வாரம் தட்டிக்கழித்தார்கள். மாத்திரை போட்டால் நட்சத்திரம் கொடுத்தோம். பலூன் பறக்கவிட்டோம். ஒரு சிறுநீரகத்தை நடனமாடவும் வைத்தோம். யாரும் அசையவில்லை.

அவசரக் கூட்டம் கூடியது. "மென்மையா கேக்கணும் சார். 'அன்பரே, மருந்து அருந்தினீரா?'ன்னு" என்றார் ஆலோசகர். மேலாளர் உருகிப்போனார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மேலாளரின் அக்கா வந்தார். கையில் மாத்திரை அட்டை.

"டேய்! இதை மறந்துட்டு எங்கேடா ஓடி வந்தே? உனக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரி வாசல்ல யார் நிக்கிறது? போடுடா வாயில!"

மேலாளர் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார். நோயே இல்லாத ஆலோசகரும் பயத்தில் எதையோ விழுங்கினார். பிறகு பார்த்தால் அவர் சட்டையில் ஒரு பொத்தானைக் காணோம்.

மறுநாளே அக்காவின் குரலைப் பதிவு செய்து செயலியில் ஏற்றினோம். 'விஞ்ஞானபூர்வமான அதட்டல்' என்று அதற்குப் பெயரிட்டேன். பேருந்தில் ஒருவர் கைபேசி "டேய்!" என்றால், பேருந்தே மாத்திரை போட்டது. "எனக்கு அக்கா இல்லாத குறை தீர்ந்தது" என்று ஒரு வழக்கறிஞர் நெகிழ்ந்து எழுதினார்.

சர்க்கரைக்கு ஒரு திட்டு, ரத்த அழுத்தத்துக்கு ஒரு திட்டு, தைராய்டுக்குத் தனித் திட்டு என்று அக்கா அடிக்கடி வந்து பேசிக்கொடுத்தார். பேசும்போது மூச்சு வாங்கியது. தரத்தில் நாங்கள் சமரசம் செய்வதில்லை. மூச்சு வாங்கும் சத்தத்தை வெட்டி நீக்கினோம்.

ஒருநாள், "பிரஷர் மாத்திரையை நிறுத்தினே, பாரு…" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒலிப்பதிவு அறையில் மயங்கி விழுந்தார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இவங்க பிரஷர் மாத்திரையை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. வீட்ல யாரும் கவனிக்கலையா?"

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் ஆலோசகரைப் பார்த்தேன். ஆலோசகர் மின்விசிறியைப் பார்த்தார்.

அக்கா மெல்லக் கண் திறந்தார். "உன் பின்னாடி ஓடுறதுக்கும் இங்க வந்து கத்துறதுக்குமே பொழுது சரியாப் போச்சு. உலகத்தையே கேட்டேன்டா. 'அக்கா, நீ போட்டியா?'ன்னு ஒருத்தர்கூட என்னைக் கேக்கலையேடா."

"தப்புதான்க்கா" என்று மேலாளர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இடக்கையால் துடைத்துக்கொண்டேன். வலக்கையில் கைபேசி இருந்தது; நல்லவேளையாக, பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

இன்று எங்கள் தலைசிறந்த நினைவூட்டல் அதுதான். கேட்டவர்கள் விம்மிக்கொண்டே விழுங்குகிறார்கள். எனக்குத் தலைவர் பதவியும் கிடைத்துவிட்டது.

அக்கா வீடு திரும்பிவிட்டார். மாத்திரை போடுகிறாரா என்று தெரியவில்லை. அவர் எங்கள் பயனாளர் அல்லர்.