கெட் சாரின் நாற்பது பக்க நோட்டு

காரைக்காலில் ஆங்கிலத்தோடு மல்லுக்கு நின்றவர்கள் ஏராளம். ஆனால் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் மல்லுக்கு நின்றவர் கெட் சார் ஒருவர்தான். அவரை நினைத்தால் முன்பெல்லாம் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த அரசு அலுவலகத்தில் என் எதிர் மேஜை அவருடையது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சிலேயே கோப்பு எழுதிப் பழகியவர். அவர்கள் போன பிறகு கோப்பெல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. ஆங்கிலத் துறைத்தேர்வில் தேறினால்தான் அடுத்த நாற்காலி. கூடப் படித்தவர்கள் தட்டுத் தடுமாறித் தேறிவிட்டார்கள். இவர் மட்டும் வருஷா வருஷம் பேனாவில் மையை நிரப்பிக்கொண்டு போய்விட்டு வந்தார்.

யாரோ ஒரு புண்ணியவான் அவரிடம், ஆங்கிலத்தில் பத்து வினைச்சொற்களை அடக்கிவிட்டால் பாதி மொழி கைக்குள் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறான். முதல் சொல்லாக ‘கெட்’டை எடுத்தார். அதன் பின்னால் அப் போட்டால் எழுந்திரு, இன் போட்டால் ஏறு, டவுன் போட்டால் இறங்கு, ஓவர் போட்டால் நோயிலிருந்து மீண்டு வா. நாற்பது பக்க நோட்டு நிறைந்துவிட்டது. இந்தச் சனியனை முடித்துவிட்டுத்தான் அடுத்த சொல் என்பார். இரண்டாவது சொல்லின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை.

கோவில்பத்திலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் வருவோம். ஏறும்போது “கெட் இன்”, இறங்குமிடம் வந்தால் “கெட் டவுன்” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்வார். நாளடைவில் கண்டக்டர் அந்த நிறுத்தத்துக்கு விசில் ஊதுவதையே விட்டுவிட்டார். சாரின் குரல்தான் விசில். ஒருநாள் பாடத்தை ஒத்திகை பார்க்கிறேன் பேர்வழி என்று இரண்டு நிறுத்தம் முன்னாலேயே அவர் கத்திவிட, மூன்று மீன்காரம்மாக்கள் கூடையோடு மழையில் இறங்கிவிட்டார்கள். மறுநாள் அவர்கள் கொடுத்த அர்ச்சனையில் ஆங்கிலம் ஒரு சொல்கூட இல்லை, அவருக்கு எல்லாமே புரிந்தது.

எந்த ‘கெட்’ எங்கே வரும் என்பதுதான் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். தேர்வில் ஒரு கோடிட்ட இடத்துக்கு ஐந்தாறு விடைகளை வரிசையாக எழுதிவிடுவார்.

“மீனைக் கொட்டி வச்சா வேணுங்கிறதைப் பொறுக்கிக்கிறாங்கல்ல, அதுமாதிரி திருத்துற ஆளும் பொறுக்கிக்கட்டுமே தம்பி” என்றார் என்னிடம்.

திருத்துகிறவர் பொறுக்கவில்லை. பாண்டிச்சேரியிலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், உங்கள் மனைவிக்கு உடம்பு எப்படி என்று மரியாதைக்கு ஆங்கிலத்தில் கேட்டுவைக்க, இவர் நோட்டிலிருந்த அத்தனை கெட்டையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். என்னவோ பெரிய வியாதி என்று பயந்துபோன அதிகாரி அரைநாள் விடுப்பு கொடுத்து அனுப்பிவைத்தார்.

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் எதற்காக இந்தப் பாடுபடுகிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிரெஞ்சுக்காரர் போனபோது, விரும்பியவர்கள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்றார்கள். அவர் மனைவியின் பிறந்த வீட்டார் மொத்தப் பேரும் அப்படி எழுதிக்கொடுத்துவிட்டு பிரான்சுக்குப் போய்விட்டார்கள். இனிமேல் எல்லாம் இங்கிலீஷ்தான், ஆறே மாதத்தில் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி, இவர்தான் மனைவியைக் கையெழுத்துப் போட விடவில்லை. அந்த அம்மாள் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. தேர்வு முடிவு வருகிற அன்று வாசலில் நின்று கணவரின் முகத்தைப் பார்ப்பார், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விடுவார்.

“ஒரே ஒரு தடவை பாஸ் பண்ணி அந்தத் தாளை அவ கையில குடுத்துடணும் தம்பி. வேற ஒண்ணும் வேணாம்” என்றார் ஒருநாள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

பன்னிரண்டாவது தடவை எழுதி முடிவுக்காகக் காத்திருந்தபோது அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நானும் போயிருந்தேன். டாக்டர் தமிழர்தான். ஆனால் கெட்ட சேதியென்றால் நோயாளிக்குப் புரியக்கூடாது என்று ஆங்கிலத்துக்குத் தாவுவது டாக்டர்கள் வழக்கம். கட்டிலருகில் நின்ற வேட்டிக்காரருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்து, என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“ஷி வோன்ட் கெட் ஓவர் திஸ்.”

இதிலிருந்து மீளமாட்டார் என்று அர்த்தம். இருக்கிற ஆங்கிலத்தையெல்லாம் விட்டுவிட்டு டாக்டருக்கு அந்தச் சொல்தானா கிடைத்தது? கெட் சார் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“என்னங்க சொல்றாரு?” என்றார் அந்த அம்மாள்.

“கெட் ஓவர்னு சொல்றாரு. கொணமாயிடும்னு அர்த்தம். நோட்டுலயே இருக்கு.”

“ஒங்களுக்கு நல்லாப் புரிஞ்சுதுங்களா?”

“நல்லாப் புரிஞ்சுது.”

அந்த அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தார். “பாருங்க தம்பி, பாஸ் பண்ணிட்டாரு” என்றார்.

வராந்தாவுக்கு வந்த பிறகு கெட் சார் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். “நடுவுல ஒரு வோன்ட் இருந்துச்சுல்ல தம்பி?”

இருந்தது என்றேன்.

அந்த வாரமே அந்த அம்மாள் போய்விட்டார். தேர்வு முடிவு வந்தபோது சார் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், அவரிடம் சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்கு வந்த முதல் நாள் நல்ல மழை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் நிறுத்தம் வந்தது. சத்தமில்லை. கண்டக்டர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, ஊதாமல் அவரையே பார்த்தபடி நின்றார். மீன்காரம்மாக்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி, “கெட் டவுன் சார்” என்றேன்.