மோதினார் மச்சானும் திறக்காத மடிக்கணினியும்

கணினியைப் புதுப்பித்தால் அதற்குள் இருக்கும் மங்கலான படங்களும் புதுசாகித் துலங்கும் என்று ஒரு காலத்தில் நான் நம்பினேன். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் அப்போது இலங்கையின் கிழக்குக் கரையில், நிந்தவூரில் எங்கள் தெருவில் மடிக்கணினி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே நான்தான் நிபுணன். (மாடு வைத்திருப்பவனெல்லாம் மாட்டு வைத்தியன் இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.)

யுத்தம் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சுனாமியாகக் கடல் வந்துபோய் நாலரை வருடம். அந்தக் கடல் என் ராத்தாவின் (மூத்த சகோதரியின்) மகள் சிப்னாவைக் கொண்டுபோனது. ஏழு வயது. வீட்டையும் கொண்டுபோனதால் பிள்ளையின் படம் என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. முன்னரும் அதிகம் இருந்ததில்லை. ராத்தாவின் மாப்பிள்ளை, அதாவது என் மச்சான், பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைக்கும் மோதினார். படம் இருக்கிற வீட்டுக்குள் மலக்குமாராகிய வானவர்கள் வரமாட்டார்கள் என்று சொல்லி, கமராவைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுவிடுகிற மனிதர்.

அந்த நாட்களில் ரியாத்திலிருந்து லீவில் வந்த என் கூட்டாளி ஒருவன், பழைய கமராவின் மெமரி அட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் கணினியில் போட்டுப் பார்த்தான். கடலுக்கு முந்திய ஒரு கலியாண வீடு. சஹன் என்கிற ஒரு பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி ஆறு ஆண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். படத்தின் ஓரத்தில், யாரோ ஒருவருடைய தோளுக்கு மேலால் கை நீட்டி, அந்தச் சஹனில் இருந்து கோழித் துண்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள் ஒரு சிறுமி. அரை முகம்தான். அதுவும் கலங்கல். ஆனாலும் அச்சு அசல் சிப்னா.

எல்லாவற்றையும் என் கணினிக்கு மாற்றினேன். அட்டை அவனுக்கு வேறு தேவைக்கு வேண்டுமாம். "அழிச்சிப்போட்டு அட்டைய எடு. என்ட மெசினுக்குள்ள பத்திரமா இரிக்கி" என்றேன். அவனும் அழித்தான்.

நேரே மச்சானிடம் ஓடினேன். பள்ளிவாசலில் தொழுகைக்காகக் கைகால் கழுவி உளுச் செய்துகொண்டிருந்தார். சொன்னேன். குழாயை மூட மறந்து அப்படியே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ராத்தாக்கு இப்ப சொல்லாதீங்க. மொதல்ல நான் பாக்கன். வேற யார்ட புள்ளயாவது எண்டா அவ தாங்கமாட்டா."

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் வருவதாக ஏற்பாடு. அதற்கு முன் அந்த அரை முகத்தைக் கொஞ்சம் தெளிவாக்கினால் என்ன என்று எனக்குள் ஒரு நிபுணர் யோசித்தார். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு அறிவித்தல்: ஃபெர்ம்வெயருக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது. அது என்ன சாமான் என்று எனக்குத் தெரியாது. 'புதிய' என்ற சொல் தெரியும். அழுத்தினேன். இடையில் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்று அடுத்த அறிவித்தல் வந்தது. நான் ஏன் நிறுத்தப் போகிறேன்?

நான் நிறுத்தவில்லை. கச்சான் காற்று நிறுத்தியது. வெளியே தென்னோலை ஒன்று கம்பியில் விழுந்த சத்தம் கேட்டது, தெரு முழுக்கக் கரண்ட் போனது. கணினி பழைய சாமானாக வாங்கியது. அதன் பற்றரி வெறும் பாரத்துக்கு இருந்தது. திரை கறுத்தது.

கரண்ட் திரும்பி வந்தபோது உள்ளே விசிறி சுற்றியது, ஒரு சின்ன வெளிச்சம் எரிந்தது, திரை மட்டும் கண் திறக்கவில்லை. நான் செய்த வைத்தியங்களைச் சொல்கிறேன்: குலுக்கினேன். கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினேன். பற்றரியைக் கழற்றிக் குளிர்சாதனப் பெட்டியில், மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். மிச்சத்தை முற்றத்துச் சாக்கில் வெயிலில் காயப்போட்டேன். என் மனைவி வந்து, காகம் கொத்தாமல் மேலே வலை போடட்டுமா என்று கேட்டாள்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளையைக் கடல் ஒரு தடவை கொண்டுபோனது, இரண்டாம் தடவை நான் கொண்டுபோய்விட்டேன்.

அஸர் முடிந்து மச்சான் வந்தார். பெருநாளுக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டை. அத்தர் வாசம். மகளைப் பார்க்கப் போகிற தகப்பன் எப்படி வருவாரோ அப்படி வந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்து, சார்ஜ் ஏறுகிறது என்று பொய் சொன்னேன். இருந்தார். அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரமானதும் எழுந்து போனார். மறுநாளும் அதே சட்டையில் வந்தார். அந்தச் சட்டைக்கு முன்னால் என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டி முடித்து, கடைசி நம்பிக்கையாக, நோயாளிக்கு ஓதி ஊதுவதுபோலக் கணினிக்கும் ஓதி ஊதச் சொல்லி அவரிடமே நீட்டினேன்.

அவர் ஏசவில்லை. கணினியை மடியில் வைத்து, கண்ணை மூடி, நிதானமாக ஓதி ஊதினார். பிறகு என்னிடம் திருப்பித் தந்தார்.

"என்ட வேல முடிஞ்சி. இனி இதக் கழட்டத் தெரிஞ்ச ஆளிட்டப் போவம். கொழும்புக்கு பஸ் எத்தின மணிக்கி?"

துவாயில் சுற்றி, பையில் வைத்து, இரண்டு பேரும் பஸ் ஏறினோம். யுத்தம் முடிந்திருந்தாலும் சோதனைச் சாவடிகள் முடியவில்லை. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். சிப்பாய் ஒருவர் என் பையைத் திறந்தார். அந்தக் காலத்து வழக்கம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்: வானொலியோ கமராவோ கணினியோ, அங்கேயே இயக்கிக் காட்ட வேண்டும். இயங்கினால் அது சாமான். இயங்காவிட்டால் அதற்குள் வேறு என்னவோ இருக்கிறது.

இதை நான் வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

கொண்டுவந்த வயரைச் சாவடிக் கரண்டில் மாட்டி இயக்கச் சொன்னார். பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி உறுமியது. கறுத்த திரை. சிப்பாய் ஒரு அடி பின்னால் போனார். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சச் சிங்களமும் அந்த ஒரு அடியோடு போய்விட்டது. யாரும் கேட்காமலே இரண்டு கையையும் தூக்கினேன். (வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்துத் தாங்களும் தூக்கினார்கள்.)

மச்சான் மட்டும் தூக்கவில்லை. இளமையில் மருதமுனைக் கைத்தறிச் சாரன்களைச் சுமந்து சிங்களக் கிராமங்களில் விற்றவர். நல்ல சிங்களத்தில், சந்தையில் கதைப்பதுபோல, இரண்டே வசனம் சொன்னார். என் மகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவளுடைய ஒரே படம் இதற்குள் இருக்கிறது.

சிப்பாய் அவரைப் பார்த்தார். கணினியைப் பார்த்தார். பிறகு கிட்ட வந்து பொத்தானைத் தானே அழுத்தினார். பொறுத்துப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார். சோதிக்கிறவருடைய அழுத்தல் இல்லை அது. திறந்துவிடாதா என்று பார்க்கிற அழுத்தல். திறக்கவில்லை. துவாயை முன்பு இருந்தபடியே சுற்றிப் பையில் வைத்து, மச்சானின் கையில் கொடுத்தார். என்னைப் பார்த்துக் கையை இறக்கச் சொன்னார்.

கொழும்பில் கடைக்காரர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. அடிப்பக்கத்து ஸ்குரூவைக் கழற்றி, உள்ளிருந்து கையகலத் தகடு ஒன்றை உருவி, தன் கணினியில் மாட்டினார். அதுதான் ஹார்ட் டிஸ்க். படமெல்லாம் அதில். ஃபெர்ம்வெயர் இருப்பது வேறு சிப்பில், கணினியை எழுப்பிவிடுவது மட்டும்தான் அதன் வேலை, பாதியில் கரண்ட் போனதால் எழுப்பத் தெரியாமல் நிற்கிறது, அவ்வளவுதான் என்றார்.

மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட, மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்தார். 'வேறு யாருடைய பிள்ளையோ' என்று எனக்குள் ஓடியது.

"ஆம்புளைகள்ர சஹன்ல கோழிக்கால் எடுக்கப் போயிரிக்கா" என்றார். "ஓம். என்ட புள்ளதான்."

சுவரில் தொங்கிய வயர்களை நான் மிகவும் கவனமாகப் பார்வையிடத் தொடங்கினேன்.

படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்து ராத்தாவிடம் கொடுத்தோம். அவள் வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கணினிக் கதையை அவளுக்கு நான் சொன்னது பல மாதம் கழித்துத்தான். அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன். அவளுடைய பிள்ளைகளின் கைபேசி எதையாவது புதுப்பிக்கக் கேட்டால், "மொதல்ல மாமாவ வெளிய அனுப்புங்க" என்று குசினியில் சமைத்தபடியே ராத்தா குரல் கொடுப்பாள்.

படத்தைச் சுவரில் மாட்டவில்லை. மச்சான் அந்த விசயத்தில் இன்றும் அதே மச்சான்தான். ராத்தாவின் அலுமாரிக்குள், சாரிகளுக்கு நடுவில் இருக்கிறது. பாங்கு சொல்லப் போகுமுன் தொப்பி தேடுவதாகச் சொல்லி மச்சான் அந்த அலுமாரியைத் திறப்பார். தொப்பி அவர் தலையில் இருக்கும்.