வாய்க்காலில் விழுந்த பையன்

சிவப்பிரகாஷ் டி.வி.க்குப் பின்னால் தலையை விட்டு, டிவிடி பிளேயரின் வயரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தபோது மகள் தமிழ்ப்ரியா வந்துவிட்டாள்.

"என்னங்ப்பா பண்றீங்க?"

"எலி கடிச்சிருக்குது கண்ணு. அதான் பாக்கறேன்."

"எலி எங்க?"

"போயிருச்சு."

மகள் மேல் தப்பில்லை. அவளுடைய அப்புச்சி, அதாவது சிவப்பிரகாஷின் மாமனார் சென்னிமலைக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, இனி டி.வி. பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அப்பிடின்னா மொதல்ல எங்க மாப்ள நடிச்ச படத்தைப் போடுங்க" என்று கிழவர் உத்தரவு போட்டார். பேத்தி ஆன்லைனில் டிஸ்க் வரவழைத்துவிட்டாள். பழைய படத்தின் கீறலையெல்லாம் எடுத்து, துடைத்து வைத்த கண்ணாடிபோல் ஆக்கியிருப்பதாக அட்டையிலேயே போட்டிருந்தான், பாவி.

மீசை அரும்புகிற வயதில் நாலு பையன்கள் அடிக்கிற கூத்துதான் படம். பக்கத்திலிருக்கும் வேலந்தாவளத்தைச் சுற்றித்தான் எடுத்தார்கள். அதில் உள்ளூர்ப் பையன் ஒருவன் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து, சேறும் பாசியுமாக எழுந்து நின்று சிரிப்பான். இன்றைக்கும் அந்தக் கட்டம் வந்தால் ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும்.

அந்தப் பையன் சிவப்பிரகாஷ் இல்லை. இதைச் சிவப்பிரகாஷ் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பெண் பார்க்கப் போன அன்று மாமனார் வீட்டில் அந்தப் படத்தின் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. தேய்ந்துபோன கேசட். பையனின் முகமா, சேற்று உருண்டையா என்று சொல்ல முடியாது. "இது நம்ம பக்கத்துப் பையனாத்தான் இருக்கோணும். யாருன்னுதான் தெரியல" என்றார் சென்னிமலை. சிவப்பிரகாஷுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டிருந்தது. வாயில் பஜ்ஜி வேறு. "அது நான்தானுங்க" என்று வந்துவிட்டது. உடனே பெண்ணின் அண்ணன் பூபதிராஜா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். சென்னிமலை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, அன்றைக்கே தட்டை மாற்றிவிட்டார்.

அன்று பிடித்த சனி. தீபாவளி, கிடாவெட்டு, காதுகுத்து எதுவானாலும் பந்தி முடிந்ததும் பூபதி ஆரம்பிப்பான். "மாப்ள, அந்த வாய்க்கால் கதையைச் சொல்லுங்க. அப்பா கேக்கட்டும்." சொல்லிச் சொல்லி சிவப்பிரகாஷுக்கு நாக்கு தேய்ந்துவிட்டது. சலிப்பு ஒரு பக்கம் இருக்க, மாமனார் மேல் அவனுக்கு உண்மையிலேயே பாசம். சந்தையில் எதிர்ப்படுகிறவனையெல்லாம் நிறுத்தி, "படத்துல நடிச்ச மாப்ள" என்று பூரிக்கிற மனுஷன். அந்த முகம் சுருங்கிப்போவதைப் பார்க்கவேண்டி வருமே என்றுதான் வயரைக் கடித்தான்.

"வயர் போனாப் போகுது. உமர்ணன் கடைக்குக் கொண்டுபோலாம்" என்றாள் மகள்.

"நான் போறேன். நீ படி."

உமர் வேலந்தாவளத்தில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருப்பவர். சிவப்பிரகாஷ் பிளேயரை மேசைமேல் வைத்து, குரலைத் தாழ்த்தினான்.

"உமர்ணா, இது தேறாதுன்னு ஊட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லீருங்க."

உமர் நிமிர்ந்து பார்த்தார். "என் கைக்கு வந்த செட்டு தேறாதுன்னு நான் சொல்லோணுமா? அதுக்குக் கடையைச் சாத்தீட்டு ஆடு மேய்க்கப் போலாம்."

டீ ஆறுவதற்குள் வயரை மாற்றிவிட்டார். அதோடு விட்டாரா? விசேஷம் என்னவென்று விசாரித்தார்.

"ஆபரேஷன் பண்ணிப் பெரியவர் பாக்கற மொதப் படமா? உங்க ஊட்டுச் சின்ன டி.வி.யிலயா? நல்லாருக்குதே ஞாயம்!"

கடையிலேயே பெரிய டி.வி.யை ஆட்டோவில் ஏற்றி, தானும் கூடவே ஏறிக்கொண்டார். கதவகலத்துக்கு இருந்தது அந்த டி.வி. சிவப்பிரகாஷ் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

வாசலில் மனைவி யோகப்பிரியா பூரித்து நின்றாள். "ஏனுங்க, எங்கப்பனுக்காக இத்தன பண்றீங்களா!" பக்கத்து வீட்டுக்காரர்களையும் அவள் கூப்பிட்டாகிவிட்டது.

சென்னிமலையோடு பூபதியும் வந்திருந்தான். ஆனால் அவன் முகத்தில் சுரத்தில்லை.

"எதுக்குங்ப்பா படம்? மாப்ள சொன்னாப் பத்தாதா? கண்ணு வலிக்கப் போகுது."

"உன் கண்ணா, என் கண்ணா? தள்ளி உக்கோரு" என்றார் சென்னிமலை.

தன் பக்கம் பேச ஒருவனாவது இருக்கிறானே என்று சிவப்பிரகாஷுக்கு நெஞ்சு நிறைந்தது. என்ன தங்கமான மச்சான்!

படம் தொடங்கி எல்லோரும் சிரிக்க ஆரம்பித்த நேரம் கரண்ட் போனது. சிவப்பிரகாஷ் மின்சார இலாகாவை மனதாரக் கும்பிட்டான்.

"பக்கத்து ஊட்டுல ஃபேன் ஓடுதே" என்ற உமர், எழுந்துபோய் மீட்டர் பெட்டியைத் திறந்தார். "யாரோ மெயினை எறக்கி வெச்சிருக்காங்க."

மகள் அப்பாவை முறைத்தாள். சிவப்பிரகாஷ் இந்த ஒன்றைச் செய்யவில்லை. ஆனால் யார் நம்புவார்கள்? அந்தப் பக்கமிருந்து வேட்டியைத் துடைத்துக்கொண்டே வந்த பூபதி, "எலியா இருக்கும்" என்றான்.

படம் மறுபடியும் ஓடியது. வாய்க்கால் கட்டம் நெருங்க நெருங்க சிவப்பிரகாஷுக்கு வியர்த்துக் கொட்டியது. உமரின் காதில் கெஞ்சினான்.

"அண்ணா, அந்த எடத்தை மட்டும் வெரசா ஓட்டி உட்டுருங்க. கூச்சமா இருக்குது."

"உங்களுக்கு அடக்கம் ஜாஸ்தி" என்று நெகிழ்ந்துபோன உமர், சொன்னபடியே ஓட்டிவிட்டார். சைக்கிள், வாய்க்கால், சேறு எல்லாம் ஒரு நொடியில் பறந்துபோயின.

"நிறுத்துங்க!" என்றார் சென்னிமலை. "என்ற மாப்ளய நான் பாக்க வேண்டாமா? திருப்பிப் போடுங்க. மெதுவாப் போடுங்க."

"போச்சாது, உடுங்ப்பா" என்று எழுந்தான் பூபதி. "வடை ஆறிப்போகுது. எல்லாரும் மொதல்ல சாப்பிட வாங்க."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. உமரின் ரிமோட்டில் மெதுவாக ஓட்டவும் பட்டன் இருந்தது, முகத்தைப் பெரிதாக்கவும் பட்டன் இருந்தது. தன் செட்டின் பெருமையைக் காட்ட மனுஷன் இரண்டையும் அழுத்தினார்.

சைக்கிள் ஆடி அசைந்து வாய்க்காலில் சாய்ந்தது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக எழும்பியது. பையன் எழுந்தான். முகத்தில் வழிந்த சேற்றைக் கையால் துடைத்தான். கதவகலத்துக்கு அந்த முகம், மூக்குப் பரு உட்பட, சிரித்தபடி நின்றது.

சிவப்பிரகாஷ் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். இனி இந்த வீட்டில் தலை நிமிர்ந்து ஒரு வாய் சோறு தின்ன முடியாது. பஜ்ஜி தின்ற வாய்க்கு இதுவும் வேண்டும். மாமனார் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"ஏன்டா பூபதி, பத்தாவது பரீட்சை எழுதப் போறேன்னு என்ற சைக்கிளை எடுத்துட்டுப் போயி, இங்கதான் உளுந்து கெடந்தயா?"