கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு பூட்டு

யாரும் திருட வராத பொருளுக்குப் பூட்டுச் செய்வதில் ஒரு தனி இன்பம் இருக்கிறது. அந்தப் பூட்டை யாரும் உடைப்பதில்லை. செய்தவருக்குக் காலமெல்லாம் நல்ல பெயர். அந்த இன்பத்தை நான் ஒரு மழைக்காலம் முழுக்க அனுபவித்தேன். அதற்கான செலவை ஏற்றுக்கொண்டவர் என் அண்ணி.

அண்ணி கயல்விழி நிலத்தடி நீரை ஆராய்கிறவர். எங்கள் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் இருக்கும் கேம்பல் பேயில் குடியேறிய குடும்பங்களின் வீட்டுக் கிணறுகளில், மழை பெய்யும்போது உப்பு எவ்வளவு இறங்குகிறது, மழை நின்றபின் எவ்வளவு வேகமாகத் திரும்பி வருகிறது என்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. போர்ட் பிளேரிலிருந்து அங்கே கப்பலில் போகவே இரண்டு இரவு ஆகும், டிக்கெட் கிடைத்தால். வாரந்தோறும் போய் வாளியில் இறைத்துப் பார்க்க முடியாது. ஆகவே கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டு, தானே அளந்து, தனக்குள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளும் ஒரு கருவி வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.

நான் அப்போது ஓர் உள்ளூர் நாளிதழில் செய்தி திருத்திக்கொண்டும், அதன் இணையதளத்துக்கு நிரல் எழுதிக்கொண்டும் இருந்தேன். (பத்திரிகைக்காரர்களிடம் புரோகிராமர் என்றும், புரோகிராமர்களிடம் பத்திரிகைக்காரி என்றும் சொல்லிக்கொள்வேன். இரண்டு இடத்திலும் குறுக்குக் கேள்வி வராது.) கருவியின் மின்சுற்றை வடிவமைக்க என் நண்பன் பாலா சம்மதித்தான். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன், இப்போது போர்ட் பிளேரில் குட்வில் எஸ்டேட் பகுதியில் வீடு. சாலிடரிங் வாசனை இல்லாமல் அவனை நான் பார்த்ததில்லை.

அண்ணி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"குரங்கு தொறக்காம இருந்தா போதும்."

கேம்பல் பேயில் குரங்குகள் உண்டு. கிணற்றடியில் எதைத் தொங்கவிட்டாலும் இழுத்துப் பார்க்கும். நியாயமான நிபந்தனை. ஒரு நல்ல மூடியும் நாலு திருகாணியும் போதும். ஆனால் எங்களிடம் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. தீவில் நிரல் எழுதுகிற சிலர் மாலையில் அரட்டையடிக்கும் இடம். அங்கே இந்தக் கருவியைப் பற்றி நான் வாய் திறந்தேன்.

"டேட்டாவை என்க்ரிப்ட் பண்ணிடலாம், சாவி இல்லாம யாரும் படிக்க முடியாது" என்றேன்.

"பண்ணலாம். ஆனா சாவியும் அதே பொட்டிக்குள்ளதானே இருக்கும்? பொட்டியைத் தொறந்து சிப்பை உருவிட்டா?" என்றான் பாலா.

"தொறந்தாலே சாவி அழியற மாதிரி பண்ணு."

"அரே யார், அதெல்லாம் பேங்க் மெஷின்ல பண்ற வேலை" என்று இந்தி கலந்து அலுத்துக்கொண்டான்.

"ஏன், நம்மால முடியாதா?"

நிரல் எழுதுகிற ஒருவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. மறுநாளே வழி கண்டுபிடித்துவிட்டான். பெட்டிக்குள் ஒரு சிறு ஒளி சென்சார். மூடி திறந்து வெளிச்சம் பட்டால், அடுத்த கணமே சாவி அழியும். சாவி போனால் உள்ளே இருப்பது படிக்கவே முடியாத எழுத்துக் குப்பை. அப்படியென்றால் நாங்கள் எப்படித் திறப்பது? இருட்டில் திறந்து, தடவிப் பார்த்து வயரைச் செருகி, கடவுச்சொல் அடித்தால் சென்சார் உறங்கிவிடும். வெளியே ஒரு துளை வைத்தால் தண்ணீர் புகும் என்பதால் வயர் செருகும் இடமும் உள்ளேயே. சாவிக்கு இன்னொரு பிரதி எங்கேயாவது இருக்கட்டுமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். பிரதி என்றால் அதுவும் ஒரு ஓட்டைதான் என்று நான் பதில் எழுதினேன். அதற்குப் பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

யார், எங்கே, எப்போது, ஏன் என்று கேட்காமல் ஒரு வரிச் செய்தியைக்கூட நான் அச்சுக்கு விட்டதில்லை. யாரிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்ற கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அதே வேகத்தில் அண்ணியின் ஆய்வேட்டிலும் கைவைத்தோம். "வேர்டுலயா எழுதறீங்க அண்ணி?" என்று பாலா கேட்ட தொனி, குளத்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமலா குடிக்கிறீர்கள் என்பது போலிருந்தது. ஆய்வேட்டை லேடெக் என்ற மென்பொருளுக்கு மாற்றினோம். கருவியின் அளவுகளைக் கொடுத்தால் நான்காம் அத்தியாயத்தின் வரைபடங்கள் தாமாகவே வரைந்துகொள்ளும்படி நிரலும் எழுதினேன். அண்ணி எங்களைத் தடுக்கவில்லை. இலவசமாக வேலை செய்பவர்களைத் தடுப்பது கடினம்.

ஒத்திகை பாலா வீட்டில் நடந்தது. நான் தடிப் போர்வைக்குள் பெட்டியோடு உட்கார்ந்து வயரைச் செருக, வெளியே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த பாலா கடவுச்சொல் அடித்தான். அவன் அம்மா எட்டிப் பார்த்து, "இந்த வெயில்ல அந்தப் புள்ளைய ஏன்டா போத்தி வச்சிருக்க?" என்றார். மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் வெற்றி. பிறகு பெட்டி கப்பலேறிப் போய், கேம்பல் பேயில் ஒரு பஞ்சாபி ஆன்ட்டியின் கிணற்றுக்குள் இறங்கியது. அந்த மழைக்காலம் முழுக்கக் குரங்குகள் அதைச் சீண்டவேயில்லை.

மழை முடிந்ததும் அண்ணியும் நானும் போய்ப் பெட்டியை மேலே எடுத்தோம். பாலா இல்லாமல் திறப்பதில்லை என்பது ஏற்பாடு. துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஊர் திரும்பக் கப்பல்துறைக்கு வந்தோம். சாமான் சோதிக்கும் இடத்தில் ஒரு ஏட்டு இருந்தார். பெயர்ப் பட்டையைப் பார்த்ததுமே தமிழர் என்று தெரிந்து எனக்கு நிம்மதியாயிற்று. அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான் நீடித்தது.

"இது என்னம்மா?"

"கிணத்துல இருந்தது சார். தண்ணியைப் பத்தின தகவல் உள்ள இருக்கு."

"தொறங்க."

"தொறந்தா அழிஞ்சிடும் சார்."

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னை. "தொறந்தா அழியற அளவுக்கு அந்தத் தண்ணி அப்படி என்ன சொல்லுச்சு?"

"உப்பு எவ்வளவுன்னு."

"அதை வாயில வச்சா தெரியாதா?"

அண்ணி என் முழங்கையைப் பிடித்தார். அப்போதாவது நான் பேச்சை நிறுத்தியிருக்கலாம். "இங்க வெளிச்சமே இல்லாத ரூம் ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டேன். கடற்படை நடமாடும் ஒரு தீவின் கப்பல்துறையில், பேட்டரியும் வயரும் உள்ள பெட்டியை வைத்துக்கொண்டு, போலீஸ்காரரிடம் இருட்டறை கேட்ட பெண் என்ற பெருமை எனக்கு உண்டு. எனக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் அவர் இன்னும் உள்ளேதான் இருப்பார்.

ஏட்டு கோபப்படவில்லை. அண்ணியிடம் பல்கலைக்கழகக் கடிதத்தை வாங்கிப் படித்தார். யோசித்தார். "நான் பாக்கணும்னா வெளிச்சம் வேணும். வெளிச்சம் பட்டா போயிடும்னு நீங்க சொல்றீங்க. சரி, மொதல்ல நீங்க இருட்டுல பண்ண வேண்டியதைப் பண்ணுங்க, அப்பறம் நான் லைட்டைப் போட்டுப் பாக்கறேன்" என்றார். அவ்வளவு தெளிவான தீர்ப்பை நான் எந்த அலுவலகத்திலும் கேட்டதில்லை.

கயிறும் லைஃப் ஜாக்கெட்டும் அடுக்கி வைத்த ஜன்னலில்லாத அறைக்குப் போனோம். கதவு இடுக்கில் சாக்கு வைத்து அடைத்தார். விளக்கை அணைத்தார். கப்பல் முதல் தடவை ஊதியது. இருட்டில் நான் திருகாணிகளைக் கழற்றினேன். மூடியை எடுத்தேன். தடவிப் பார்த்து வயரைச் செருகினேன். முதல் முயற்சியிலேயே பொருந்தியது. பாலா பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு, கடவுச்சொல் அடிப்பதற்காக, பெட்டிக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பைத் திறந்தேன்.

அறை நீல வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. அண்ணியின் முகம், ஏட்டின் மீசை, ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள், திறந்து கிடந்த பெட்டி, எல்லாம் தெரிந்தன. திரையில் ஒரு வரி வந்தது. நான் எழுதியதுதான். திருடன் படிக்கட்டும் என்று தலைப்புச் செய்திபோல் செதுக்கியிருந்தேன்:

"அனுமதியின்றித் திறந்தீர்கள். இங்கே இனி எதுவும் இல்லை."

அண்ணி அதை இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன். கண்கள் இடமிருந்து வலமாகப் போய், மறுபடி இடப்பக்கம் வந்தன.

"வேலை முடிஞ்சுதாம்மா? லைட்டைப் போடலாமா?" என்றார் ஏட்டு.

"போடுங்க சார்" என்றார் அண்ணி.

அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, பேட்டரியை விரலால் தட்டிவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதான்.

கப்பலின் கீழ்த்தட்டில், அடுக்குப் படுக்கைகளில் எதிரெதிரே படுத்திருந்தோம். அண்ணி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் மதியம் மேல்தளத்தில் கடலைப் பார்த்து நின்றபோதுதான் பேசினார்.

"ஒண்ணு கேக்கட்டுமா மஞ்சு? யாருக்குப் பயந்து அதைப் பூட்டினீங்க?"

திருடர்கள், போட்டி ஆய்வாளர்கள், வெளிநாடுகள் என்று குழுவில் நாங்கள் அடுக்கிய எதிரிகள் எல்லாம் நினைவுக்கு வந்தார்கள். கிணற்று உப்புக்காக கேம்பல் பேக்குக் கப்பல் டிக்கெட் எடுக்கக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்தத் தகவலை அத்தனை பேரிடமிருந்தும் காப்பாற்றும் மும்முரத்தில், அது யாருக்கு வேண்டுமோ அவருக்குக் கிடைக்க வழி வைக்க நாங்கள் மெனக்கெடவில்லை. இதை அப்போது சொல்லத் தெரியவில்லை. "தெரியல அண்ணி" என்றேன்.

"எனக்கு ஒரு மழை போச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து ஆய்வேட்டின் நிரலை ஓட்டிப் பார்த்தேன். நான்காம் அத்தியாயம் ஒரு குறையுமில்லாமல் வந்தது. வரைபடங்களுக்கு எண், தலைப்பு, அச்சுகள், அளவுக் குறிகள், எல்லாம் அழகாக இருந்தன. கோடு மட்டும் இல்லை. அவ்வளவு நேர்த்தியான வெற்றுப் படங்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அடுத்த மழைக்கு அண்ணி தனியாகப் போனார். பாலா சென்சாரைப் பிடுங்கிவிட்டு அதே சுற்றைக் கொடுத்தான். அண்ணி அதைத் தண்ணீர் புகாத ஒரு சமையலறை டப்பாவில் வைத்து, குரங்குக்காக மேலே நைலான் கயிறு சுற்றிக் கிணற்றில் விட்டார். திரும்பும்போது கப்பல்துறையில் அதே ஏட்டு. "இருட்டு ரூம் தொறக்கவா?" என்று கேட்டாராம். அண்ணி கயிற்றை அவிழ்த்து, கட்டைவிரலால் மூடியைத் தட்டித் திறந்து காட்டினார். ஓராண்டு தாமதமாகப் பட்டம் வந்தது. வாய்மொழித் தேர்வில், முதலாண்டுத் தரவு எங்கே என்று கேட்டார்கள். "பத்திரமா இருக்கு, யாராலயும் படிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார் அண்ணி.

அன்று முதல் எங்கள் குடும்பத்தில் எது காணாமல் போனாலும் அது பத்திரமாக இருக்கிறது. குக்கர் விசில், ரேஷன் கார்டு, அண்ணனின் ஒற்றைச் செருப்பு, எல்லாம். யாராவது தேடத் தொடங்கினால் மற்றவர்கள் என் பக்கம்தான் பார்ப்பார்கள்.

போன மாதம் கராச்சர்மாவில் அண்ணன் வீட்டுக்குப் புது கேட் போட்டார்கள். அண்ணனும் அண்ணியும் ஊருக்குப் போகுமுன் ஒரு சாவியை யாரிடமாவது கொடுத்து வைக்க வேண்டியிருந்தது. நான் கை நீட்டினேன். அண்ணி என் கையைத் தாண்டி, எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மாவிடம் சாவியைக் கொடுத்தார்.

"தப்பா நினைக்காத மஞ்சு. நீ பத்திரமா வச்சிடுவ."