சிங்க்குக்குப் பன்னிரண்டு முழுக்கு

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கரண்டியைக்கூடக் கழுவுவதில்லை. சாப்பிடுவது, தூங்குவது, திரும்பிப் படுத்து மறுபடி தூங்குவது. இப்படித் தீர்மானித்துவிட்டார் ஆசிட்காரர். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். எவர்சில்வர் குழாய்களை ஆசிட் தொட்டியில் முக்கி, துருப்பிடிக்காதபடி தேற்றி அனுப்புவது ஃபேக்டரியில் அவர் வேலை. ஆறு நாள் முக்கி எடுத்ததில் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஏழாம் நாள் வீட்டுப் பாத்திரமும் அவர் தலையில். கல்யாணமான புதிதில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது.

நல்லவேளையாக, எவர்சில்வர் சிங்க்கில் பழுப்புப் புள்ளிகள் வந்திருந்தன. காலையிலேயே சிங்க்கைச் சோப்புப் போட்டுக் கழுவி, சிட்ரிக் ஆசிட் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, அலசித் துடைத்தார். புள்ளிகள் போயின. முகத்தை டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

“இருபத்துநாலு மணி நேரம் இதை யாரும் தொடக்கூடாது. காத்துப்பட்டு மேல ஒரு படலம் உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது. அதுதான் துருவைத் தடுக்கும்.”

“அப்போ பாத்திரம்?”

“நாளைக்கு.” நாளைக்கு அவள் முறை.

“கண்ணுக்கே தெரியாதுன்னா, படலம் வந்துச்சா இல்லையான்னு ஃபேக்டரில எப்படிக் கண்டுபிடிப்பீங்க? சும்மா நம்பி அனுப்பிடுவீங்களா?”

பதினெட்டு வருட உழைப்பை இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

“நம்பியா? டெஸ்ட் இருக்குடி! ஒரு மணி நேரம் நனைச்சு வைக்கணும், ஒரு மணி நேரம் காய விடணும். பன்னண்டு தடவை! புள்ளி வரலைன்னாதான் பாஸ்!”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அதையே இங்கயும் பண்ணிடுங்க. அரைகுறையா விட்டா உங்க பேருதானே கெடும்?”

“நாள் பூரா பக்கத்துலயே நிக்கணுமேடி!”

“எதுக்கு நிக்கணும்? நீங்க சிங்க்கை ஊறவைக்கும்போதே பாத்ரூம்ல ஸ்டூல் போட்டு, பாத்திரத்தையும் அங்க எடுத்து வச்சிட்டேன். நடுநடுவுல உக்காந்து கழுவுங்க.”

ஆசிட்காரருக்கு அழுகையே வந்தது. கடைசியாக ஒரு முறை சீறிப் பார்த்தார்.

“எல்லாம் அந்த இரும்பு நாரால வந்தது! இரும்புத் துகள் ஒட்டினா எவர்சில்வர் கெடும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? யாரு போட்டுத் தேய்ச்சது?”

“ஞாயித்துக்கிழமை கழுவுறவரு. சீக்கிரம் முடியுதுன்னு நீங்கதான வாங்கிட்டு வந்தீங்க?”

அவர் சிங்க்கில் தண்ணீர் நிரப்பினார். பாத்ரூமுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து முதல் தட்டை எடுத்தார். படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

“என்னங்க, சத்தமில்லாம கழுவுங்களேன். தூக்கம் கலையுது.”