திருகெண்ணியும் கோடு விழாத உருளையும்

திருகெண்ணி என்று ஓர் இனம் இருக்கிறது. பெயர் நான் வைத்தது. எங்கள் ஒஹாயோப் பக்கத்தில் தாராளமாகக் காணலாம். பெரும்பாலும் ஆண், அறுபதைத் தாண்டியவர், சட்டைப் பையில் பூதக்கண்ணாடி, கால்சட்டைப் பையில் வெள்ளைப் பருத்திக் கையுறை. கடிக்காது. ஆனால் பேசும்.

கையில் துப்பாக்கியும் இருக்கும்; அதற்காக நீங்கள் பயப்பட வேண்டாம். உலகத்திலேயே ஆபத்தில்லாத துப்பாக்கிக்காரர் இவர்தான், ஏனென்றால் இவர் சுடவே மாட்டார். அந்தக் காலத்தில் பந்தயத்தில் குறிபார்த்துச் சுடுவதற்கென்றே, ஒரு மயிரிழைகூடத் தப்பக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த ரிவால்வர்களைத் தேடித் தேடி வாங்கி, துடைத்து, எண்ணெய் தடவி, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியையும் ஒளித்துவைப்பதுதான் இவர் செய்யும் வேலை. எதற்காகச் செய்தார்களோ அதைத் தவிர மற்றதெல்லாம் அந்தத் துப்பாக்கிகளுக்கு நடக்கும்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? குளிர்காலத்தில் எங்கள் பொருட்காட்சி மைதானத்தில், கோடையில் பசுமாடுகளுக்குப் பரிசு கொடுக்கிற அதே கொட்டகையில், துப்பாக்கிச் சந்தை கூடும். மூலையில் நான் காப்பியும் டோனட்டும் விற்பேன். என் மேசையிலிருந்து எல்லாரையும் பார்க்கலாம். யாரும் என்னைப் பார்ப்பதில்லை; எனக்கு அதுதான் சௌகரியம். சாதாரண மனிதன் ஒரு ரிவால்வரை எடுத்தால் கூரையைப் பார்த்துக் குறிவைப்பான், எடை எப்படி என்று கையை ஆட்டுவான், விலை கேட்பான். திருகெண்ணி அப்படியா? எடுத்தவுடன் தலைகீழாகக் கவிழ்ப்பார். பக்கவாட்டுத் தகட்டிலும் அடியிலும் இருக்கும் திருகுகளை உதடு அசைய எண்ணுவார். நாலு என்றால் பிற்காலத்துச் சரக்கு, ஐந்து என்றால் அந்தக் காலத்தது. நாலைக் கண்டால் பெருமூச்சு விட்டு, செத்த எலியை வைப்பதுபோல் வைத்துவிடுவார். ஐந்து என்றால்?

ஐந்து என்றால் அவர் முகத்தில் ஒன்றுமே தெரியாது. அதுதான் அடையாளம். சந்தோஷம் தெரிந்தால் விலை ஏறிவிடும் அல்லவா? ஐந்து திருகைக் கண்டவர் கொட்டாவி விடுவார், பக்கத்தில் கிடக்கும் தூண்டில் ராட்டினத்தை விலை கேட்பார், மழை வருமா என்பார், கடைசியில் போகிற போக்கில், "ஆமா, இதோட பொட்டி இருக்கா?" என்பார்.

பெட்டி! அதை மறந்தேனே. திருகெண்ணிக்குத் துப்பாக்கி பாதி, பெட்டி பாதி. அந்தக் காலத்து அட்டைப்பெட்டி, உள்ளே மெழுகுத்தாள், ஒரு விளக்கக் காகிதம், துடைக்கும் தூரிகை, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு திருப்புளி. இதில் ஒன்று குறைந்தாலும் அவர் முகம் துக்கவீட்டு முகமாகிவிடும். ரகம் அபூர்வமாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். குழலின் முதுகு கொஞ்சம் ஒல்லியா? அபூர்வம். எழுத்து கொஞ்சம் கோணலா? மிகவும் அபூர்வம். எழுபது வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலையில் எவரோ திங்கட்கிழமைத் தூக்கக்கலக்கத்தில் செய்த பிழைக்கு மேலாளரிடம் திட்டு வாங்கியிருப்பார். அதே பிழை இன்று வெல்வெட் மேல் உட்கார்ந்திருக்கிறது. இவர்களுடைய பெரிய கேள்வியும் அதுதான்: "கம்பெனில செஞ்சதா, பின்னால யாராச்சும் செஞ்சதா?" கம்பெனி செய்த தப்பு பொக்கிஷம். வீட்டில் செய்த தப்பு குப்பை.

எங்கள் ஊர் ஆர்லன் கிரெப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பல் டாக்டர், ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய சின்னக் கண்ணாடி மட்டும் ஓய்வு பெறவில்லை. காலமெல்லாம் எங்கள் வாய்க்குள் எட்டிப் பார்த்த அதே கண்ணாடியை இப்போது குழலுக்குள் விட்டு எட்டிப் பார்க்கிறார். பார்த்துவிட்டு அதேபோல் "ம்ம்ம்" என்கிறார். அந்த "ம்ம்ம்" காதில் விழுந்தால் எனக்கு இன்னும் கடைவாய் கூசுகிறது.

டாக்டரிடம் நாற்பது ரிவால்வர் இருந்தன; ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. ஒன்றுக்குக் குழல் குட்டை, ஒன்றுக்குக் கைப்பிடி தடிமன், ஒன்று பஞ்சு மாதிரி கனமில்லாதது. வித்தியாசத்துக்காகத்தானே வாங்கினார்! ஒன்றே ஒன்று மட்டும் சாதாரண ரகம். ஆனால் அதுதான் கிரீடம். ஏன் தெரியுமா? ரிவால்வரில் குண்டு போடுகிற உருளை சுழலும்போது அதன்மேல் மெல்லிசாக ஒரு கோடு விழும். டாக்டரின் அந்த ஒன்று, தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலிருந்து ஒரு சுற்றுக்கூடச் சுற்றாதது. கோடு விழாத உருளை. சுழல்வதற்கென்றே பிறந்தது சுழலாமல் இருந்தது, அதுதான் அதன் பெருமை. அந்த அறையில் அவர் மனைவி டோனா துடைப்பம் எடுக்கக்கூடாது. சரக்கு ரயில் போகும்போது டாக்டர் சாப்பாட்டிலிருந்து எழுந்துபோய் அலமாரியைப் பிடித்துக்கொள்வார்.

"என் கையில மோதிரம் போட்டப்பகூட இவ்ளோ பதனமா புடிக்கலடி," என்று டோனா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

இப்படி இருக்கையில், போன ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர்ச் சுடும் கிளப்பில் பயிற்சி நாள். அங்கேயும் காப்பி நான்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மேவிஸ் ட்ராஸ்க் வந்தாள். மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்காக, கைப்பையிலிருந்த ரிவால்வரை எடுத்து என் மேசையில், டோனட் தட்டின் பக்கத்தில் வைத்தாள். டோனட்டை எடுக்க வந்த டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. துப்பாக்கிக் குழலின் நுனியில், குறிபார்ப்பதற்காக நிற்கும் சின்ன முள்ளின்மேல், கடுகளவு தங்கப்புள்ளி!

டாக்டர் கொட்டாவி விட்டார்.

"மழை வரும்போல இருக்கு, மேவிஸ்."

"வெயில் கொளுத்துது, டாக்டரே."

"அப்படியா? ஆமா, இது எங்க புடிச்சீங்க?"

"கடையில. சின்ன வயசுல, மொத சம்பளத்துல."

"இதுலயா சுடுறீங்க?"

"இல்ல, உருளைக்கிழங்கு மசிக்கிறேன்."

மேவிஸ் சுடப் போனாள். டாக்டர் டோனாவைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். அந்தத் தூண் என் காப்பிப் பாத்திரத்துக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது என்பது அவர் நினைவில் இல்லை. "அந்த மாடல்ல தங்கப்புள்ளி கெடையவே கெடையாது, டோனா! இருக்கலாம்னு எல்லாரும் பேசுறாங்க, யாரும் கண்ணால பாத்ததில்ல. உலகத்துல இது ஒண்ணுதான்! அத வெச்சுக்கிட்டு இந்தம்மா சுடுதே!"

"துப்பாக்கின்னா சுடத்தானே செய்வாங்க."

"ஒவ்வொரு வெடிக்கும் அது தேயுதே!"

அன்றைக்கு மேவிஸ் சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் டாக்டர் தோளைக் குறுக்கிக்கொண்டார், யாரோ அவர் பல்லையே பிடுங்குவதுபோல. அவள் திரும்பி வந்ததும் கேட்டுவிட்டார். "இத எனக்குக் குடுத்துடுங்களேன். நீங்க சொல்றதுதான் விலை."

"இதுல அப்படி என்ன இருக்கு?"

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் திருகெண்ணி ஆவாரா? "கைப்பிடி... மரம் நல்லாருக்கு."

"குடுத்துட்டு நான் எதால சுடுறது? அடுத்த மாசம் மாவட்டப் போட்டி. போன தடவ ஒரு புள்ளில கோப்பை போச்சு. இதே எடை, இதே கைப்பிடி, இதே குழல்னு ஒண்ணு கொண்டாங்க, மாத்திக்கலாம்."

இதே எடை, இதே குழல். அந்தக் கம்பெனி மூடி எவ்வளவோ காலமாயிற்று. சந்தை கூடுவது குளிர்காலத்தில். டாக்டர் வீட்டிலோ நாற்பது ரிவால்வர், முப்பத்தொன்பதும் ஒவ்வொரு விதத்தில் கோணல். சரியாகப் பொருந்தக்கூடியது ஒன்றே ஒன்று. எது என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள் டோனா. கோடு விழாததைக் கொடுத்தால் அதற்குக் கோடு விழும். கொடுக்காவிட்டால் தங்கப்புள்ளி தேய்ந்துபோகும். ஒருவன் தன் இரண்டு கண்ணில் எதைக் குத்திக்கொள்வது என்று எவ்வளவு நாள் யோசிக்க முடியும்? கடைசியில் டோனாதான் சொல்லியிருக்கிறாள்: "கோடு விழாதது உலகத்துல இன்னும் நாலு இருக்கும். புள்ளி வெச்சது ஒண்ணுதான்னு நீதானே சொன்ன?"

அடுத்த ஞாயிறு பெட்டியோடு வந்தார். மெழுகுத்தாளைப் பிரித்தார், காகிதத்தை நீவினார், தூரிகையை நேராக வைத்தார், வெள்ளைக் கையுறையோடு ரிவால்வரை எடுத்து மேவிஸிடம் நீட்டினார். மேவிஸின் கையில் டோனட் சர்க்கரை. அதை வாங்கி, உருளையைக் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

டர்ர்ர்ர்ர்.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். டோனா அவர் தோளில் கைவைத்தாள்.

"ஜோராச் சுத்துது," என்றாள் மேவிஸ். "சரி, எனக்குச் சம்மதம். உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்லயே, டாக்டரே?"

"இல்ல, இல்ல." பழைய துப்பாக்கியை அவர் வாங்கிக்கொண்ட விதத்தைப் பார்க்க வேண்டுமே! தங்கப்புள்ளியின்மேல் விரல் படாமல், மூச்சுக்கூடப் படாமல். பட்டால் தேயுமே! போன வாரமும் அப்படித்தான், அந்தப் புள்ளியை அவர் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

மேவிஸ் கைப்பையைத் துழாவி ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். புது ரிவால்வரைத் தன்பக்கம் திருப்பி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அதன் முள்ளின் நுனியில் மெதுவாக ஒரு புள்ளி வைத்தாள். கடுகளவு. தங்கநிறம்.

"என்ன... என்ன அது?" என்றார் டாக்டர்.

"நகப்பூச்சு. பேத்தி கல்யாணத்துக்கு வாங்கினது, தீரவே மாட்டேங்குது. கறுப்புப் பலகைல கறுப்பு முள்ளு இந்தக் கண்ணுக்குத் தெரியுமா? பழசுக்கு வருஷா வருஷம் ஈஸ்டருக்கு ஒரு தடவ வெப்பேன்."

டாக்டர் வாயைத் திறந்தார். ஊரையே திறக்கச் சொன்ன மனிதர், அன்றைக்குத்தான் தாமாகத் திறந்தார். எங்கள் பல் அத்தனைக்கும் தங்கம் அடைத்தவருக்குத் தங்கம் எது, நகப்பூச்சு எது என்று தெரியவில்லை! அவருடைய பெரிய கேள்வி இருக்கிறதே, கம்பெனியில் செய்ததா, பின்னால் யாராவது செய்ததா? வழியில் போகிறவர்களையெல்லாம் கேட்பவர், இவளிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் சந்தோஷம் வெளியே தெரிந்துவிடும் என்று.

"என்ன டாக்டரே, முகம் வெளுத்துப்போச்சு? வேணும்னா திருப்பி எடுத்துக்கோங்க. எனக்கு ஒண்ணுமில்ல."

திருப்பி எடுத்து என்ன செய்வது? கோடு விழுந்தாகிவிட்டது. புள்ளியும் காய்ந்துகொண்டிருந்தது. டோனா என் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். காப்பி தளும்பியது. சிரித்து முடித்து அவரிடம் சொன்னாள்: "ஆர்லன், இப்ப உன் கைல இருக்கறதுல கோடு மட்டுமா இருக்கு, ஒஹாயோ ரோடு மேப்பே இருக்கு. இனி எதுக்குப் பயம்? போய் சுடு."

போனார். மேவிஸ் பக்கத்தில் நின்று, "மூச்ச விடுங்க, அப்புறம் அமுக்குங்க. பல்லு புடுங்கற மாதிரி இழுக்காதீங்க," என்றாள். முதல் குண்டு மண்மேட்டில். இரண்டாவது பக்கத்து ஆளின் பலகையில். அந்த ஆள் நன்றி சொன்னார். கடைசிக் குண்டு அவருடைய பலகைக் காகிதத்தின் மூலையில் ஓர் ஓட்டை போட்டது. அவர் என் மேசைக்குத் திரும்பி வந்தபோது அந்தக் காகிதத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே புதிதாக இருந்தது. இரண்டு டோனட் சாப்பிட்டார்.

இப்போது ஞாயிறு தவறாமல் சுடுகிறார். மேவிஸ் போட்டியில் கோப்பையை வாங்கிவிட்டாள், கோடு விழுந்த உருளையால்.

அப்படியானால் ஒரு திருகெண்ணி திருந்திவிட்டார் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். ஓட்டை விழுந்த அந்தக் காகிதம் சட்டம் போட்டு அலமாரிக்குள் இருக்கிறது. டோனா அதைத் துடைக்கக்கூடாது. போன வாரம் வெளியூர்க்காரர் ஒருவரிடம் டாக்டர் பேசிக்கொண்டிருந்ததும் என் காதில் விழுந்தது. "நகப்பூச்சுப் புள்ளி வெச்ச ரகம். ரெண்டும் ஒரே கை வெச்சது. உலகத்துலயே ரெண்டுதான், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்." வெளியூர்க்காரர் கொட்டாவி விட்டார். மழை வருமா என்று கேட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையை நான் பார்க்கவில்லை. விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று கண்ணாடிக்குப் பின்னால் வைத்த கோப்பைகளையும், விருந்தாளி வந்தபோது நீங்கள் அவற்றை எடுக்காததையும் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். மெழுகுத்தாள், காகிதம், தூரிகை எல்லாம் சொன்னேனே, அந்தப் பெட்டியில் சின்னத் திருப்புளி இருந்ததா இல்லையா என்று இவ்வளவு நேரமும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்ததா?

இருந்தது. உங்கள் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள், பூதக்கண்ணாடியும் இருக்கும்.